வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை: தனியே தங்கிப் படிப்பவர்க்கு எந்தப் பகுதி பாதுகாப்பு?

ஒவ்வோர் ஆண்டும் கல்லூரி திறக்கும் மாதங்களில் சென்னையின் டு-லெட் பலகைகளுக்கு முன்னால் ஒரே கேள்வி திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது: "இந்த ஏரியா எப்படி?" கேட்பவர் பெரும்பாலும் திருநெல்வேலியிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ மகளைச் சேர்த்துவிட வந்த தகப்பனார். பதில் சொல்பவர் புரோக்கர், தெருமுனை மளிகைக்கடைக்காரர், அல்லது எதிர்வீட்டு அம்மாள். பதிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: "டீசன்ட்டான ஏரியா சார், பயமே வேண்டாம்."

அந்தப் பதிலுக்குள் அனுபவம், வதந்தி, சாதி, வர்க்கம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. நகரத்தில் தனியே வாழும் இளையவருக்கு, குறிப்பாகப் பெண்ணுக்கு, எந்த இடம் பாதுகாப்பானது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பலர் பதில் தேடியிருக்கிறார்கள். சமூகச் சீர்திருத்தக்காரர்கள், நகரத் திட்டமிடுவோர், குற்றவியலாளர்கள், பெண்ணியவாதிகள், பொருளியலாளர்கள் என்று ஒவ்வொரு தரப்பும் கண்ட விடை வேறு. எதுவும் முழுப் பதில் இல்லை. ஆனால் எல்லாம் சமமான பதில்களும் அல்ல.

விடுதியே பதில் என்ற காலம்

சென்னையில் இதற்குத் திட்டமிட்ட விடை தந்த முன்னோடிகளில் ஒருவர் சகோதரி சுப்பலட்சுமி. 1911-இல் பட்டம் பெற்ற அவர், சென்னை மாகாணத்தின் முதல் இந்து விதவைப் பட்டதாரி என்று அறியப்படுபவர். இளம் விதவைகள் தங்கிப் படிக்க எழும்பூரில் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். எண்ணிக்கை பெருகியபோது அந்த இல்லம் இடம் மாறி, மெரினா கடற்கரையோரத்து ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் கட்டடம் அது. 1914-இல் தொடங்கிய ராணி மேரி கல்லூரி அங்கிருந்து நடக்கும் தொலைவு. தங்குமிடமும் படிக்குமிடமும் அருகருகே, நடுவே நம்பகமான ஒருவரின் மேற்பார்வை: இன்றைய மகளிர் விடுதிகள் பலவற்றின் அடிப்படை எண்ணம் இதுவே.

படிக்க வழியே இல்லாத பெண்களுக்கு இது வழி திறந்தது. ஆனால் ஐஸ் ஹவுஸ் பிராமண விதவைகளுக்கான விடுதி. இருந்த விடுதிகள் எல்லாப் பெண்களையும் சேர்த்துக்கொள்ள மறுத்ததும் 1930-ஐ ஒட்டி முத்துலட்சுமி ரெட்டி அவ்வை இல்லத்தைத் தொடங்கியதற்கு ஒரு காரணம். பாதுகாப்பு யாருக்கு என்ற கேள்வி தொடக்கத்திலேயே இருந்திருக்கிறது.

அடுத்த பலவீனம் பூட்டிய கதவு. மாலை 6 மணிக்கோ 8 மணிக்கோ கேட்டை மூடுவதே பாதுகாப்பு என்று ஆகும்போது, நூலகம், பயிற்சி வகுப்பு, பகுதிநேர வேலை எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. 2015-இல் டெல்லியில் தொடங்கிய 'பிஞ்ச்ரா தோட்' இயக்கம் இதைத்தான் எதிர்த்தது. 2022-இல் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் இரவுக் கட்டுப்பாட்டை எதிர்த்துக் கேரள உயர் நீதிமன்றத்தை நாடியபோது, கட்டுப்பாடு பெண்களுக்கு மட்டும் எதற்கு என்று நீதிமன்றமே கேட்டது. நேரத்துக்கு வராவிட்டால் வெளியே நிற்க வேண்டும் என்ற விதி, பஸ் தாமதமான ஒரு மாணவியை இரவில் தெருவிலேயே நிறுத்தக்கூடும். பாதுகாப்புக்கென்று வந்த விதி அந்த நேரத்தில் எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

தமிழ்நாட்டில் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, மகளிர் மற்றும் சிறார் விடுதிகள் மாவட்ட நிர்வாகத்திடம் பதிந்து உரிமம் பெற வேண்டும் என்கிறது. சட்டம் இருப்பதும் நடைமுறையில் இருப்பதும் வேறு. 2018 டிசம்பரில் சென்னை ஆதம்பாக்கத்தில் மகளிர் விடுதி ஒன்றில் ரகசிய கேமராக்கள் கண்டுபிடிக்கப்பட்டு, விடுதியை நடத்தியவரே கைதான பிறகுதான் பதிவு நடவடிக்கை வேகம் பிடித்தது. 2024 செப்டம்பரில் மதுரை கட்ராபாளையத்தில் ஒரு மகளிர் விடுதியில் ஏற்பட்ட தீ விபத்து இரு பெண்களின் உயிரைப் பறித்தது. வெளியாரை உள்ளே விடாமல் தடுக்கும் ஏற்பாட்டை மட்டும் பார்த்துவிட்டு, உள்ளே இருப்பவர் வெளியேற இரண்டாவது படிக்கட்டு இருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பது நம் ஊரில் இன்னும் சாதாரணம்.

'நல்ல ஏரியா' என்னும் பெயர்

இரண்டாவது பதில், பகுதியின் பெயரை நம்புவது. அடையாறு, மயிலாப்பூர், அண்ணா நகர் என்றால் பெற்றோர் முகம் தெளிகிறது. வியாசர்பாடி, காசிமேடு என்றால் சுருங்குகிறது. இந்த வேறுபாட்டில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல முடியாது. தெருவிளக்கும் நடைபாதையும் வசதியான பகுதிகளுக்கு முதலில் வந்து சேர்கின்றன என்பது நகரைச் சுற்றுபவர் கண்ணில் படும். ஆனால் பெயர் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது?

1982-இல் ஜேம்ஸ் வில்சனும் ஜார்ஜ் கெல்லிங்கும் அமெரிக்காவில் 'உடைந்த ஜன்னல்' கருத்தை முன்வைத்தார்கள்: சீர்கேடு கண்ணில் பட்டபடி விட்டுவைக்கப்பட்டால் அது பெரிய குற்றத்தை வரவழைக்கும் என்பது சாரம். குப்பை, கிறுக்கிய சுவர், சும்மா நிற்கும் இளைஞர் கூட்டம் ஆகியவற்றைக் கண்டு ஒரு பகுதியை எடைபோடும் நம் பழக்கத்துக்கு அது கோட்பாட்டுத் துணை போல அமைந்தது. 2004-இல் ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ரௌடன்புஷ் இருவரும் சிகாகோ தெருக்களைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது வேறொன்று தெரிந்தது. மக்கள் 'சீர்கேடு' என்று உணர்ந்தது கண்ணெதிரே இருந்த குப்பையை மட்டும் பொறுத்து அமையவில்லை. அங்கே வாழ்ந்த கறுப்பினத்தாரும் ஏழைகளும் எத்தனை பேர் என்பதும் அந்த உணர்வைத் தீர்மானித்தது. வடசென்னையைப் பற்றித் தமிழ்த் திரைப்படங்கள் பல ஆண்டுகளாகக் கட்டிய பிம்பத்தை நினைத்தால், சிகாகோ நமக்குத் தொலைவில் இல்லை.

பெயரை நம்புவதில் இன்னொரு இடர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் தொடர்ந்து காட்டுவது, பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு முன்பே தெரிந்தவர் என்பதை. தெருவில் நிற்கும் முகம் தெரியாதவரைப் பற்றியே பயந்து பகுதியைத் தேர்ந்தெடுப்பவர், சாவி வைத்திருக்கும் ஓனரையும் விடுதி ஊழியரையும் பற்றி விசாரிக்க மறந்துவிடுகிறார்.

'நல்ல ஏரியா' எல்லாருக்கும் திறந்திருப்பதும் இல்லை. 'சைவம் மட்டும்', 'பேச்சிலர் வேண்டாம்' என்ற பலகைகள் சென்னைக்குப் பழக்கமானவை. டெல்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வு, தலித்துகளும் முஸ்லிம்களும் வாடகை வீடு தேடும்போது பெயரைச் சொன்னதுமே மறுக்கப்படுவதை ஆவணப்படுத்தியது. வடகிழக்கு மாநிலத்தவர் பிற நகரங்களில் சந்திக்கும் சிக்கல்களை ஆராய 2014-இல் அமைக்கப்பட்ட பெஸ்பருவா குழுவும் வாடகை வீட்டுப் பாகுபாட்டைச் சுட்டியது. எல்லாரும் பாதுகாப்பானது என்று சொல்லும் தெருவில் ஒருவருக்கு வீடே கிடைக்காவிட்டால், அந்தத் தெருவின் பாதுகாப்பு அவருடைய கணக்கில் சேராது.

தெருவின் கண்கள்

இந்த விவாதத்தில் மிக அதிகம் மேற்கோள் காட்டப்படும் பெயர் ஜேன் ஜேக்கப்ஸ். 1961-இல் அவர் வெளியிட்ட நூல், அமெரிக்கப் பெருநகரங்கள் எப்படிச் சாகின்றன, எப்படி வாழ்கின்றன என்று கேட்டது. தெருவைப் பாதுகாப்பது முதன்மையாகக் காவல்துறை அல்ல, தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும் சாதாரண மக்களின் கண்களே என்றார் அவர். கடைகள், வீட்டு வாசல்கள், வெவ்வேறு நேரங்களில் வெவ்வேறு வேலைக்காக வருவோர் போவோர் ஆகியவை சேர்ந்து அந்தப் பார்வையை உண்டாக்குகின்றன.

சென்னைக்காரருக்கு இதைப் புரியவைக்க விளக்கம் வேண்டியதில்லை. திருவல்லிக்கேணித் தெருக்களில் மேன்ஷன், மெஸ், ஜெராக்ஸ் கடை, இஸ்திரி வண்டி, பெட்டிக்கடை எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. இரவு நெடுநேரம் வரை ஆள் நடமாட்டம் உண்டு. சூளைமேட்டின் சந்துகளிலும் இதே நிலை. இடம் நெருக்கடி, காற்றோட்டம் குறைவு. ஆனால் ஒரு பெண் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நாலு பேர் இருப்பார்கள். பழைய மாமல்லபுரம் சாலையின் உட்புறப் புதுமனைகளில் இதற்கு நேர்மாறு: அகலச் சாலை, புதுக் கட்டடம், இரண்டு பக்கமும் காம்பவுண்டுச் சுவர், இரவு 9 மணிக்குப் பிறகு நாய்கள் மட்டும்.

ஜேக்கப்ஸின் கருத்துக்குச் சென்னையில் வலுவான சான்று பறக்கும் ரயில். 1995-இல் கடற்கரை முதல் சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கி 2007-இல் வேளச்சேரியை எட்டிய இந்தத் தடம், மாணவர்களுக்கு மிக வசதியானது. சென்னைப் பல்கலைக்கழகம், கோட்டூர்புரம், கஸ்தூரிபா நகர், தரமணி எல்லாம் அதன் ஓரம். ஆனால் நிலையங்கள் அளவுக்கு மீறிப் பெரியவை. கடைகளுக்கென்று கட்டிய தளங்கள் பல ஆண்டுகள் காலியாகவே கிடந்தன. நீண்ட படிக்கட்டுகளிலும் இருண்ட மூலைகளிலும் கண்கள் இல்லை. மாலைக்குப் பிறகு அங்கே இறங்கத் தயங்கிப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள், ஜேக்கப்ஸின் கோட்பாட்டைப் படிக்காமலே அதை நிறுவுகிறார்கள்.

இந்தப் பதிலின் எல்லையும் சென்னையிலேயே தெரிந்தது. 2016 ஜூன் 24 காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் வேலைக்குப் போகக் காத்திருந்த இளம்பெண் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அது இரவு அல்ல. வெறிச்சோடிய இடமும் அல்ல. நடைமேடையில் பயணிகள் இருந்தார்கள். கண்கள் இருப்பது போதாது, அவை தலையிடத் துணிய வேண்டும் என்ற வேதனையான உண்மையை அந்தக் காலை காட்டியது. சாம்ப்சனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1997-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்திருந்தார்கள்: அண்டை அயலார் ஒருவரையொருவர் நம்பி, தேவைப்பட்டால் தலையிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடிகிற பகுதிகளில் வன்முறை குறைவு. வறுமையைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்தத் தொடர்பு நின்றது. புதிதாகக் குடிவந்த மாணவிக்கு அந்த நம்பிக்கை வலையில் இடம் கிடைக்குமா, எவ்வளவு நாளில் கிடைக்கும் என்பதை அந்த ஆய்வு சொல்லவில்லை.

எல்லாக் கண்களும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை திறந்திருக்கும் டாஸ்மாக் கடை வாசலில் எப்போதும் கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தைத் தவிர்க்கவே பெண்கள் சுற்றுவழி போகிறார்கள். ஜேக்கப்ஸின் பார்வையில் அது நடமாட்டமுள்ள தெரு. நடந்து போகும் மாணவிக்கு அது தவிர்க்க வேண்டிய தெரு. கூட்டத்தின் அளவை மட்டும் எண்ணாமல், அதில் பெண்கள் இருக்கிறார்களா, குழந்தைகள் இருக்கிறார்களா என்று பார்ப்பது இதனால்தான் தேவைப்படுகிறது.

கேமரா, கேட், விளக்கு

1972-இல் ஆஸ்கர் நியூமன் 'தற்காக்கத்தக்க வெளி' என்ற கருத்தை வைத்தார். கட்டட அமைப்பே எது யாருடைய இடம் என்று காட்டினால், அங்கே வசிப்போர் அதைக் காப்பார்கள் என்றார். கட்டட வடிவத்துக்கு அளவு மீறிய பங்கு தருகிறார், வறுமையையும் வேலையின்மையையும் ஒதுக்குகிறார் என்ற விமர்சனம் உடனே எழுந்தது. இந்திய நகரங்களில் அந்தக் கருத்து, 'கேட்டட் கம்யூனிட்டி'யாகவும் காவலாளி நாற்காலியாகவும் உருமாறியது.

கேமராவின் கதை இன்னும் வேகமானது. நுங்கம்பாக்கம் நிலையத்தில் அன்று கேமரா இல்லாதது பெரும் கண்டனத்துக்கு உள்ளானது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னைக் காவல்துறை 'மூன்றாவது கண்' என்ற முழக்கத்தோடு தெருவெங்கும் கேமராக்களைப் பரப்பியது. குற்றவாளியைப் பிடிக்க அவை உதவுகின்றன என்பதில் ஐயமில்லை. நடக்குமுன் தடுக்கின்றனவா? உலகளவில் 40 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த மதிப்பாய்வின்படி, கேமராக்கள் குற்றங்களை ஓரளவு குறைக்கின்றன. வாகன நிறுத்துமிடங்களில் பலன் தெளிவு. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. 2024 டிசம்பரில் சுற்றுச்சுவரும் காவலாளிகளும் உள்ள அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி வன்கொடுமைக்கு உள்ளானது, சுவர்களின் மீதான நம்பிக்கையை அசைத்தது.

விளக்குக்கு ஆதரவான சான்று ஒப்பீட்டளவில் உறுதியானது. நியூயார்க்கின் பொதுக் குடியிருப்புகளில் 2016-இல், குலுக்கல் முறையில் தேர்ந்த இடங்களில் மட்டும் கூடுதல் விளக்குக் கோபுரங்களை நிறுவிப் பார்த்தார்கள். அங்கே வெளிப்புற இரவுநேரக் கடுங்குற்றங்கள் ஏறத்தாழ 36 சதவீதம் குறைந்ததாகக் கணக்கிட்டார்கள். அதை அப்படியே வேளச்சேரிக்குப் பொருத்த முடியாது. ஆனால் ஒரு தெருவை இரவு 8 மணிக்கு ஒருமுறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்ற பழைய அறிவுரைக்கு இது தக்க ஆதாரம்.

நடந்து பார்த்து மதிப்பெண் போடுவது

1989-இல் கனடாவின் டொரான்டோவில் 'மெட்ராக்' அமைப்பு, பெண்களே தெருவில் நடந்து, எங்கே பயம் வருகிறது, ஏன் வருகிறது என்று குறிக்கும் 'பாதுகாப்புத் தணிக்கை' முறையை உருவாக்கியது. இந்தியாவில் அதை டெல்லியின் ஜாகோரி அமைப்பு வளர்த்தெடுத்தது. 2013-இல் கல்பனா விஸ்வநாத் உள்ளிட்டோர் தொடங்கிய சேஃப்டிபின் செயலி வெளிச்சம், திறந்த வெளி, நடைபாதை, பொதுப் போக்குவரத்து, பெண்கள் நடமாட்டம் உள்ளிட்ட ஒன்பது அளவுகோல்களில் இடங்களை மதிப்பிடுகிறது. பகுதியின் பெயரை விட்டுத் தெருவைத் தெருவாகப் பார்ப்பது இந்த முறையின் பெரும் பலம். ஸ்மார்ட்போன் உள்ளவர் போகும் இடங்களே அதிகம் பதிவாவதும், உணர்வுக்கும் நிகழும் குற்றத்துக்கும் இடைவெளி இருக்கக்கூடியதும் அதன் குறைகள்.

உணர்வு அற்பமான விஷயம் அல்ல என்பதைப் பொருளியலாளர் கிரிஜா போர்க்கரின் டெல்லிப் பல்கலைக்கழக ஆய்வு எடுத்துக்காட்டியது. பயண வழி பாதுகாப்பாக இருக்கும் என்பதற்காக, தகுதியிருந்தும் தரத்தில் கீழான கல்லூரியைப் பெண்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், ஆண்களிடம் அந்தப் போக்கு மிகக் குறைவு என்று அவர் கண்டார். பஸ்ஸில் நேரும் சீண்டல், கல்லூரித் தேர்வையும் பின்னாளில் வரும் சம்பளத்தையும் பாதிக்கிறது.

இங்கே ஒரு மாற்றுக் குரல் உண்டு. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகியோர் மும்பையை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட நூல், பெண்களுக்குப் பாதுகாப்பு தருகிறோம் என்ற பெயரில் நகரமே அவர்களை வீட்டுக்குள் தள்ளுகிறது என்றது. காரணம் சொல்லாமல் பொது இடத்தில் நிற்கும் உரிமையையே கேட்க வேண்டும் என்றது. நகரத்துக்கு இது சரியான இலக்கு. இந்தக் கட்டுரையின் சாய்வும் அந்தப் பக்கமே. ஆனால் அடுத்த வாரம் வீடு பார்த்தாக வேண்டிய பத்தொன்பது வயது மாணவிக்கு அது உடனடி உதவி ஆகாது.

வசதியும் பாதுகாப்பும் வேறு வேறா?

வீடு தேடுவோர் பொதுவாக வாடகை, தொலைவு ஆகியவற்றை 'வசதி' என்றும், மற்றதைப் 'பாதுகாப்பு' என்றும் பிரித்துப் பேசுகிறார்கள். மேலே கண்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் அந்தப் பிரிவு நிற்கவில்லை. சென்னை மெட்ரோ காலை 5 முதல் இரவு 11 வரை ஓடுகிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆகவே பயணத்தின் பெரும்பகுதி இன்று ஓரளவு உறுதி. சிக்கல், நிறுத்தத்தில் இறங்கி வீட்டு வாசல் வரை நடக்கும் அந்தக் கடைசிப் பகுதியில். வாடகை 1,500 ரூபாய் குறைவு என்று முக்கியச் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால், மிச்சமானது இரவு ஆட்டோவுக்கே போய்விடலாம். ஆட்டோவுக்குக் கொடுக்க இயலாத நாளில் நடக்க வேண்டிவரும்.

வெள்ளம் இன்னொரு கணக்கு. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி வளர்ந்த வேளச்சேரி மாணவர் விடுதிகளுக்குப் பெயர்போனது. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அங்கே பல தெருக்கள் மூழ்கின. தரைத்தள அறை மலிவாகக் கிடைத்தால், அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது என்று அயல்வீட்டில் கேட்டுவிடலாம். ஓனரைவிட அவர்கள் நேராகச் சொல்வார்கள்.

ஒப்பந்தமும் பாதுகாப்பின் பகுதியே. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலொழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் வலியுறுத்துகிறது. ஓனர் வீட்டுக்குள் வர 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் சொல்ல வேண்டும் என்கிறது. பத்து மாத அட்வான்ஸைக் கொடுத்துவிட்டு, ஓனரின் நடத்தை சரியில்லை என்று தெரிந்தும் பணம் திரும்ப வராதே என்று தங்கிவிடும் மாணவருக்கு எந்தத் தெருவிளக்கும் உதவாது.

இன்னும் தீராதவை

இத்தனை பதில்களையும் அடுக்கினால் ஓரளவு உறுதியாகச் சொல்ல முடிவது இதுதான்: பாதுகாப்பு பகுதியின் பெயரில் இல்லை. கல்லூரி முடிந்து திரும்பும் நேரத்தில் வாசலுக்கும் நிறுத்தத்துக்கும் இடையே உள்ள சில நூறு மீட்டரிலும், சாவி யாரிடம் இருக்கிறது என்பதிலும், வேண்டாமென்றால் உடனே வெளியேற முடியுமா என்பதிலும்தான் அதிகம் இருக்கிறது. விளக்கு, பெண்கள் நடமாட்டம், திறந்திருக்கும் கடை ஆகியவை பயனுள்ள அடையாளங்கள். கேமராவும் கேட்டும் துணை மட்டுமே.

தீராதவை பல. விளக்கு, கேமரா பற்றிய நம்பகமான சோதனைகள் பெரும்பாலும் அமெரிக்க, ஐரோப்பிய நகரங்களில் நடந்தவை. நெரிசலான இந்தியத் தெருவில் அதே பலன் கிடைக்குமா என்பது திறந்த கேள்வி. பதிவான குற்றம் அதிகமுள்ள இடம் ஆபத்தானதா, அல்லது புகார் கொடுக்கத் துணிச்சல் உள்ள இடமா என்று பிரித்தறிய வழி இன்னும் தெளிவாக இல்லை. ஆண் மாணவர்கள், திருநர் மாணவர்கள், வேற்று மாநிலத்தவர் சந்திக்கும் இடர்கள் பற்றிய ஆய்வு பெண்களைப் பற்றியதைவிடவும் மெலிவு. சென்னை மாநகராட்சி 2022-இல் பாலினக் கொள்கை ஆய்வகம் ஒன்றை அமைத்திருக்கிறது. இந்தக் கேள்விகளில் சிலவற்றையாவது அது எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று கல்லூரிகளின் கையில் இருக்கிறது. வெளியே தங்கும் மாணவர்கள் எந்தத் தெருவில், எந்த விடுதியில் என்ன சந்தித்தார்கள் என்பது மூத்த மாணவர்களுக்குத் தெரியும். ஆண்டுதோறும் அதைக் கேட்டுத் தொகுத்து, உரிமம் பெற்ற விடுதிகளின் பட்டியலோடு சேர்க்கைக் கடிதத்திலேயே இணைத்துக் கொடுக்கலாம். கூடவே 181, 112 ஆகிய உதவி எண்களையும் அருகிலுள்ள காவல் நிலையத்தின் எண்ணையும் அச்சிடலாம். அடுத்த சேர்க்கைப் பருவத்துக்குள் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் இதைச் செய்ய வேண்டும்.